சும்மா ஓடுகிற மாப்பிள்ளை

அத்தியாயம் 17

பல்லடம் தாண்டியும் சாரதாமணி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு ஹீரோ ஹோண்டாவின் சிவப்பு விளக்கு போய்க்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டு போவது அவள் புருஷன் நாச்சிமுத்து. பின்னால் பூனை மாதிரி பதுங்கி வருவது அவள் அண்ணன் சுப்பண்ணனின் குவாலிஸ். முன் சீட்டில், முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு அவள்.

கட்டிய புருஷனைத் திருடனைப் போலத் தொடர்ந்து போகிற பிழைப்பு எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. இவளுக்கு வந்துவிட்டது. யாரைக் குறை சொல்ல? பற்றவைத்ததே இவள்தானே.

வீரபாண்டியில் இவர்களுடைய பனியன் கம்பெனி சுப்பண்ணனும் நாச்சிமுத்துவும் சேர்ந்து நடத்துவது என்று வாசகர்களுக்குத் தெரியும். சுப்பண்ணன் ஆர்டர் பிடிப்பார். நாச்சிமுத்து தைத்து முடித்துக் கொடுப்பார். தைத்து வந்த பீஸைத் தூக்கிப் பிடித்து ஓட்டை, கறை, பிசிறு பார்க்கிற செக்கிங் டேபிளுக்குத் தலைவி சாரதாமணி. பதினைந்து வருஷமாக இந்த மூன்று கால் முக்காலி ஆடாமல் நின்றது.

மூன்று மாதமாக நாச்சிமுத்து ஞாயிறு தவறாமல் விடியுமுன்னே வண்டியை எடுத்துக்கொண்டு காணாமல் போகிறார். கேட்டால், "டையிங் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன் அம்மிணி" என்பார். ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாயப்பட்டறைக்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இவருக்காகக் காத்திருக்கிறான்? அவள் கேட்கவில்லை. மனசுக்குள் போட்டுக் குமைந்தாள்.

போன வாரம் வண்டியின் சைடு பெட்டியில் அந்த டி-ஷர்ட் கிடைத்தது. பாலியஸ்டர் துணி. இவர்கள் கம்பெனியில் காட்டனைத் தவிர வேறு ஓடுவதில்லை. தையலும் இவர்கள் தையல் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நெஞ்சில் சதுரமாக, நாலு மூலைக்கு நாலு ஊசி ஓட்டை.

வேறு எந்த ஊர்ப் பெண்ணும் அந்த ஓட்டையைக் கண்டிருக்கக்கூட மாட்டாள். சாரதாமணிக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. ஆர்டர் கொடுக்கிற பையருக்குக் காட்டுகிற சாம்பிள் பீஸில் ஸ்டைல் நம்பர் எழுதிய தாளை அப்படித்தான் நாலு மூலையிலும் ஊசி குத்தி அனுப்புவார்கள். அவள் கையாலேயே ஆயிரம் பீஸுக்குக் குத்தியிருக்கிறாள்.

ஆக, புருஷன் வேறு எங்கேயோ சாம்பிள் போடுகிறார். வேறு பையரைப் பார்க்கிறார். கூட்டுக் கம்பெனியில் சம்பாதித்த பேரை வைத்துக்கொண்டு தனிக்கடை போடப் பார்க்கிறார்!

அவரிடமே கேட்டிருக்கலாம். அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

"நெசமா மட்டும் இருக்கட்டும் அம்மிணி" என்றார் சுப்பண்ணன் இப்போது, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே. "நாளைக்குக் காலைல ஆடிட்டர் ஆபீசுதான். கம்பெனிலிருந்து மாப்ள பேரை எடுத்துட்டுத்தான் மறுவேலை. தங்கச்சி புருஷன்னு பாத்தா தொழில் பண்ண முடியாது."

"கண்ணுல பாக்காம ஒண்ணும் பேச வேண்டாமுங்கண்ணா."

"சொன்னதே நீதானே?"

அண்ணனா, புருஷனா என்று தராசைப் பிடித்து நிற்கும் நாள் வரும் என்று அவள் நினைத்ததில்லை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒரு தட்டு கீழே இறங்கியாக வேண்டும்.

குடிமங்கலம் பக்கம் வரும்போது விடிய ஆரம்பித்தது. காட்டுக்குள் காற்றாலைகள் சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தை மாதக் குளிர். ஹீரோ ஹோண்டா உடுமலைக்குள் நுழைந்து, ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குள் திரும்பியது.

சுப்பண்ணன் எதிர்த்தாற்போல ஒரு டீக்கடையை ஒட்டிக் காரை நிறுத்தினார்.

மைதானத்தில் இருநூறு பேராவது இருப்பார்கள். வயசுப் பையன்கள், தொப்பை வைத்த வக்கீல் மாதிரி ஆட்கள், காலில் செருப்புகூட இல்லாத ஒரு தோப்புக்காரர், சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெண்கள். கையைக் காலை உதறிக்கொண்டும் குனிந்து நிமிர்ந்துகொண்டும் இருந்தார்கள்.

"என்னண்ணா இது? கல்யாணமா, கட்சிக் கூட்டமா?"

"பேசாம பாரு."

நாச்சிமுத்து வண்டியை நிறுத்தினார். சட்டையைக் கழற்றினார். பேண்டையும் கழற்றினார். சாரதாமணி "அய்யய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஒரு டி-ஷர்ட், முட்டிக்கு மேலே நிற்கும் ஒரு டவுசர். நாற்பத்தேழு வயசு மனுஷன், வீட்டுக்குள்கூட வேட்டி மடித்துக் கட்டாதவர், ஊர் நடுவில் தொடை தெரிய நிற்கிறார்!

சுப்பண்ணன் கண்ணைச் சுருக்கினார். "எலி சும்மா அம்மணமா ஓடாது அம்மிணி. என்னமோ இருக்குது."

அப்புறம்தான் சாரதாமணிக்கு உயிரே போனது. ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும், நல்ல உயரம். நாச்சிமுத்து அவளிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். அவள் அவர் முன்னால் நெருக்கமாக வந்து நின்று, அவர் நெஞ்சில் கையை வைத்தாள்.

தனிக்கடை, சாம்பிள், பையர் எல்லாம் ஒரு நொடியில் பறந்துபோனது. அடப்பாவி மனுஷா, இதற்கா? சாரதாமணி காரிலிருந்து இறங்கியதுகூட அவளுக்குத் தெரியாது. அண்ணன் கூப்பிடக் கூப்பிட, ரோட்டைத் தாண்டி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

பாதி தூரம் போவதற்குள் அந்தப் பெண் அவரை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போயிருந்தாள். தொப்பை வக்கீலின் நெஞ்சில் கை வைத்தாள். அதற்கடுத்துத் தோப்புக்காரர். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு நம்பர் தாளை வைத்து, வாயில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நாலு மூலையிலும் குத்திவிட்டாள்.

சாரதாமணி அங்கேயே நின்றுவிட்டாள்.

அதற்குள் மைக்கில் என்னவோ அறிவித்தார்கள். எல்லோரும் ஒரு கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றார்கள். விசில் ஊதியது. இருநூறு பேரும் 'ஹோ' என்று கத்திக்கொண்டு தளி ரோட்டில் ஓடினார்கள். நாச்சிமுத்துவும் கத்தினார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். மச்சான் எதிரில் அவர் தொண்டையைச் செருமிக்கூடக் கேட்டதில்லை.

மேசைக்குப் போனாள். ஊசிக்காரப் பெண் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இது என்னங்க நடக்குது?"

"ஓட்டப் பந்தயமுங்க. பத்து கிலோமீட்டரு. அஞ்சு போயி அஞ்சு திரும்பி வரோணும். நான் விஜயராணிங்க, கணியூர்ல பி.டி. டீச்சர். நீங்க ஆரைப் பாக்க வந்தீங்க?"

"சும்மாதானுங்க... ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?"

"மொத மூணு பேருக்குக் கப்பு. மத்தவங்களுக்கு ஒரு வாழைப்பழமும் மோரும்."

"மொத மூணு பேருல நாப்பத்தேழு வயசுக்காரரு வருவாருங்களா?"

விஜயராணி சிரித்துவிட்டாள். "அக்கா, போலீஸ் வேலைக்குப் போகப் பயிற்சி எடுக்கற பசங்கல்லாம் ஓடறானுங்க. இவிகளுக்கும் அது தெரியும். தெரிஞ்சேதான் நூறு ரூபா கட்டி ஓடறாங்க."

"கட்டியா? இவிக கட்டறாங்களா?"

"ஆமாங்க."

சாரதாமணிக்குத் தலை சுற்றியது. ஆள் ஒரு பீஸ் தைத்தால் காசு, ஒரு பட்டன் வைத்தால் காசு என்று வாழ்கிற ஊர் அவளுடையது. கைக்காசைக் கட்டி, வேர்க்க விறுவிறுக்க ஓடி, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே தோற்றுவிட்டு, ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டு வருகிற வியாபாரம் அவளுக்கு விளங்கவில்லை.

"என்ன சொகத்துக்குங்க?"

"கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வாங்க. சக்கரை எறங்குதும்பாங்க. தூக்கம் வருதும்பாங்க. அதெல்லாம் தனியா ஓடுனாலும் கெடைக்குமே? இங்க எதுக்கு வர்றாங்கன்னு பாக்கோணும்னா ரோட்டோரமா நின்னு அவிக மூஞ்சியப் பாருங்க."

காருக்குத் திரும்பி அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஊசி ஓட்டைக்கு அர்த்தம் இதுதான் என்று சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. மூன்று மாதச் சந்தேகம் இறங்குகிற சந்தோஷம் அது.

சுப்பண்ணன் அசையவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு, "வெள்ளை முடிக்காரரு ஒருத்தர் மாப்ளைக்கு நாலு ஆள் தள்ளி நின்னாரே, பாத்தியா?" என்றார்.

"இல்லீங்களே."

"பெரியகருப்பன். பையிங் ஏஜெண்டு. ரெண்டு வருசமா அந்த ஆளு ஆபீசு வாசல்ல நாய் மாதிரி கெடக்கறேன். வாட்ச்மேனைத் தாண்டி உள்ள உட்டதில்ல. டாலரு விழுந்து கெடக்கற இந்த நேரத்துல அவரு ஒரு ஆர்டர் குடுத்தா ஒரு கம்பெனி பொழைச்சுக்கும். அந்த ஆளு ஓடற ஓட்டத்துல உன்ற புருசனும் ஓடறாரு. சும்மாவா?"

இறங்கிய சந்தேகம் இரண்டு படி கூடுதலாக ஏறி உட்கார்ந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வெறும் வாழைப்பழத்துக்கு ஒரு மனுஷன் விடியக்காலையில் அறுபது எழுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருவானா?

"நீ போயி ரோட்டோரமா நில்லு" என்றார் அண்ணன். "ரெண்டு பேரும் சேந்து வர்றாங்களா பாரு. பேசிக்கிட்டு வந்தாங்கன்னா என்கிட்டச் சொல்லு. எனக்கு அது போதும்."

சாரதாமணி தளி ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு வேலிப் பக்கம் போய் நின்றாள். முதலில் திரும்பி வந்தவர்கள் எல்லாம் பொடிப் பையன்கள், சிட்டாகப் பறந்தார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள். வியர்வை, மூச்சு, வலித்த முகம். ரோட்டோரம் நின்ற ஊர்க்காரர்கள், தெரிந்தவர் தெரியாதவர் பார்க்காமல், "இன்னும் கொஞ்சந்தானுங்க, உட்றாதீங்க!" என்று கை தட்டினார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் செத்துச் சுண்ணாம்பாக வந்தவன்கூட நிமிர்ந்து ஓடினான். இதை அவள் பார்த்தாள்.

கடைசிக் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாச்சிமுத்து வந்தார்.

தனியாக வரவில்லை. பக்கத்தில் வெள்ளை முடிக்காரர்.

சாரதாமணி வேலி மறைவுக்கு ஒதுங்கினாள். இருவரும் தோளோடு தோள். பேசுகிறார்களா? உதட்டையே பார்த்தாள். பேசவில்லை. ஒருவர் பின்தங்கினால் இன்னொருவர் லேசாகத் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான். வெள்ளை முடிக்காரர் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துப் பாதி குடித்துவிட்டு நீட்டினார். நாச்சிமுத்து வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் காரணமே இல்லாமல் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அவளைக் குத்தியது. கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் இவர் இப்படி வாய் விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை. கம்பெனியில் சிரித்தால் ஆட்கள் ஏறி உட்காருவார்கள். மச்சான் எதிரில் சிரித்தால் மரியாதையில்லை. வீட்டுக்கு வந்தால் சிரிக்கத் தெம்பில்லை. யாரோ ஒரு வெளியாளுடன், தோற்றுக்கொண்டே ஓடும்போது சிரிக்கிறார். பொறாமையாக இருந்தது அவளுக்கு. இவரை இவ்வளவு நாளும் நாம்தான் சிரிக்கவிடவில்லையோ என்று பயமாகவும் இருந்தது.

குறுக்கு வழியாக மைதானத்துக்கு ஓடினாள். ஆமாம், அவளும் ஓடத்தான் செய்தாள், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

கயிற்றைத் தாண்டி வந்து முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிய நாச்சிமுத்து, நிமிர்ந்தபோது எதிரில் பெண்டாட்டி நின்றாள்.

முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு, மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு அசட்டுச் சிரிப்பு. "ஒரு மணி எட்டு நிமிசம் அம்மிணி! போன தடவை ஒண்ணு பன்னண்டு. ஞாயிறு ஞாயிறு ஓடிப் பழகி நாலு நிமிசம் கொறைச்சுட்டேன்!"

"எத்தனையாவதா வந்தீங்க?"

"நூத்தி அறுபதோ எழுபதோ. எண்ணலை."

"அப்பறம் என்னங்க சந்தோசம்?"

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். "எப்படிச் சொல்றது... கம்பெனில எத்தனை தைச்சாலும் இன்னும் எத்தனைன்னுதான் கேப்பாங்க. முடிஞ்சுதுன்னு சொல்ற நாளே கெடையாது. இங்க பத்து கிலோமீட்டர்னா பத்துதான். முடிச்சா முடிஞ்சுது. ஆராரோ கை தட்டறாங்க. அதுவுமில்லாம இங்க நான் ஆருக்கும் மாப்ளையில்ல, பார்ட்னர் இல்ல. அந்த ஒரு மணி நேரம் நான் வெறும் நாச்சிமுத்து அம்மிணி."

"கூட வந்தாரே வெள்ளை முடிக்காரரு, அவரு ஆருங்க?"

"தெரியலையே. ஆறாவது கிலோமீட்டர்ல சேந்துக்கிட்டோம். பேரு கேக்கலை."

"அத்தனை தூரம் கூட ஓடிட்டு பேரு கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கோணும்?"

பதினைந்து வருஷமாக லட்சம் பீஸ் பார்த்த கண் அவளுடையது. புருஷனின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை. மனுஷன் சொல்வது சத்தியம். அண்ணனிடம் போய், காலில் விழுந்தாவது, ஆடிட்டர் பேச்சை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தாள்.

"எங்கிட்டக்கூட ஏனுங்க சொல்லலை?"

நாச்சிமுத்து துண்டைப் பிழிந்தார். குரலில் கோபம் இல்லை. "உங்கிட்ட சொன்னா நீ உங்கண்ணன்கிட்ட சொல்லுவே. அவரு, இதுல நமக்கு என்ன லாபம் மாப்ளன்னு கேப்பாரு. அப்பறம் என்னால ஓட முடியாது."

சாரதாமணி குனிந்து, ஓடியதில் கசங்கிய புடவை மடிப்பை நீவிவிட்டாள்.

"ஆமா, நீ எப்படி இங்க வந்து சேந்தே?"

கார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பைப் பார்த்தாள், வாயில் பொய் வந்து நின்றது.

"பஸ்ஸுல வந்தனுங்க. வண்டில உடுமலை பந்தய நோட்டீசு கெடந்துச்சு. பாத்துட்டு..."

"அட, பஸ்ஸுலயா! இந்தக் குளிருலயா!" அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்த பஸ், எத்தனை மணிக்கு, எங்கே ஏறினாய் என்று எதுவும் இல்லை. "ஒண்ணும் தின்னிருக்க மாட்டியே. இந்தா, இதைத் தின்னு" என்று தன் பங்கு வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தார். "அடுத்த மாசம் ஈரோட்டுல ஒண்ணு இருக்குது. நீயும் கூட வா. ஓட வேண்டாம், ஓரமா நின்னு கை தட்டு. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

சரி என்று தலையாட்டினாள். பழத்தைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"மாப்ளே!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுப்பண்ணன் வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் பல். ஒரு கையால் பெரியகருப்பனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வாட்ச்மேன் இல்லாத இடத்தில் அகப்பட்ட ஆளை அவர் லேசில் விடுவாரா? பாவம், வெள்ளை முடிக்காரர் மோர் டம்ளரும் கையுமாக இழுபட்டு வந்தார்.

"இவருதானுங்க சார் நம்ம மாப்ள! நம்ம கம்பெனி பார்ட்னர், புரொடக்‌ஷன் பூரா இவருதான். நீங்க பக்கத்துல ஓடறதைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நாளைக்கு மாப்ளையே சாம்பிள் எடுத்துட்டு உங்க ஆபீசுக்கு வருவாரு. என்னங்க மாப்ள?"

பெரியகருப்பன் நாச்சிமுத்துவைப் பார்த்தார். சற்றுமுன் தண்ணீர் பாக்கெட்டை நீட்டிய அதே கண்கள்தான். இப்போது அவை ஒரு சப்ளையரைப் பார்த்தன. "ஓ... கம்பெனியா? சரி, திங்கக்கிழமை வாங்க, பாப்போம்" என்று கையை விடுவித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

"பாத்தியா அம்மிணி!" சுப்பண்ணன் தங்கச்சியின் தோளில் தட்டினார். "நாலு மணிக்கே எழுந்திரிச்சு நாம ரெண்டு பேரும் கார் எடுத்துட்டு மாப்ள பின்னாலயே வந்தது வீண் போகலை. இனி எங்கெங்க ஓட்டம் இருக்குதுன்னு லிஸ்ட் எடுங்க மாப்ள. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க போல. அத்தனைக்கும் நானும் வர்றேன்."

அவர் காரை எடுக்கப் போய்விட்டார்.

நாச்சிமுத்து பேண்டை எடுத்து, ஒரு காலைவிட்டு, இன்னொரு காலைவிட்டு, மெதுவாகப் போட்டுக்கொண்டார். பெல்ட்டை மாட்டினார். பிறகுதான் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"பஸ்ஸுலதானே வந்தேன்னு சொன்னே, அம்மிணி?"